அதுக்குன்னு ஆள் இருக்கு

போன மாதம் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வர இரண்டு நாளாகும் என்றார். ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு நானே இறங்கினேன். அடியில் வாளியை வைத்து, பாட்டில் டிராப்பின் அடிமூடியைத் திருகிக் கழற்றினேன். சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் முடியுமாகக் கறுப்புச் சேறு கொட்டியது. கழுவி, வாஷரைச் சரியாக உட்காரவைத்து, மறுபடி மாட்டினேன். அரை மணி நேர வேலை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இதையெல்லாம் நீ ஏம்ப்பா தொடுற? அதுக்குன்னு ஆள் இருக்கு."

படத்தை நண்பர்கள் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. என் கையில் பட்ட சேறு சோப்புப் போட்டதும் போய்விட்டது. தலைமுறையாக அதே சேற்றில் கைவைக்கப் பணிக்கப்பட்டவர்களுக்குப் பாராட்டில்லை. தனிக் குவளைதான் கிடைத்தது.

அந்த டிராப்பில் எப்போதும் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. பிறகு மயக்கம், மரணம். நம்மைக் காக்க இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். மலக்குழிக்குள் இறக்கப்படுபவருக்கு இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் இருந்தால்தான்.

இரண்டு வாரம் கழித்து செப்டிக் டேங்க் நிறைந்தது. லாரி உறிஞ்சியதுபோக அடிவண்டலை அள்ள ஒருவரை இறக்கலாம் என்றார் வீட்டு உரிமையாளர். "அதுக்குன்னு ஆள் இருக்காங்க தம்பி." அம்மா சொன்ன அதே வாக்கியம்!

2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னேன். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். ஒப்பந்ததாரருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு பத்து லட்சம் என 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, மரணம் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி லாரியை வைத்தே மறுபடி உறிஞ்சவைத்தார். கொஞ்சம் வண்டல் தங்கியது. தங்கட்டும்.

சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். நாம் ஒருநாள் ஸ்பேனர் பிடிப்பதால் அந்த அடுக்கு சரியாது. குழாய் வேலையைக் கற்றுக்கொள்வோம், நல்லதுதான். பிளம்பர் வந்தால் பேரம் பேசாமல் கூலி கொடுப்போம். நம் வீட்டுக் குழிக்குள் ஒருவரை இறக்கப் பேச்சு எழும்போது குறுக்கே நிற்போம். உங்கள் வீட்டு செப்டிக் டேங்கைக் கடைசியாக யார், எப்படிச் சுத்தம் செய்தார்கள்? இன்றே கேளுங்கள், தோழர்களே.