குடிலின் கதவைப் பூட்டினால் மட்டும் பாட்டு வராது

எங்கள் பாடசாலையில் கிட்டார் பழகும் ஒரு மாணவன் போன வருடம் கேட்டான், "சேர், நல்ல மைக்கும் இல்ல, ஸ்டூடியோவும் இல்ல. எப்படிப் பாட்டு செய்யிற?" ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் உடனே 'பொன் இவேர்' கதையை எடுத்து விட்டோம். (இசை கூடுமா கூடாதா என்ற வாதத்தை இன்றைக்கு ஒரு பக்கம் வைப்போம்.)

கதை பலருக்குத் தெரியும். இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, ஈரலும் பாதிக்கப்பட்ட நிலையில் ஜஸ்டின் வேர்னன் என்ற அமெரிக்கர், 2006 கடைசியில் விஸ்கொன்சினில் தகப்பனின் வேட்டைக் குடிலுக்குப் போய்த் தனியே இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் சாதாரண மைக்கில் பதிந்ததுதான் 'ஃபோர் எம்மா, ஃபோரெவர் அகோ' அல்பம். 2007இல் தானே வெளியிட்டார். 2008இல் ஒரு நிறுவனம் எடுத்து உலகமெல்லாம் கொண்டு போனது.

மாணவன் லீவு முழுக்க அறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்தான். திரும்பி வந்து, "எனக்கு ஒண்டும் வரல்ல சேர்" என்றான். முகம் வாடியிருந்தது. பிழை எங்களுடையது. பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறோம்.

குடிலுக்குப் போகுமுன் வேர்னன் பல வருடம் குழுக்களில் வாசித்தவர். அங்கே அவர் செய்ததும் சும்மா அழுதுகொண்டிருந்ததல்ல. முதலில் சொல்லே இல்லாமல் மெட்டை மட்டும் பாடிப் பதிந்தார். அந்த ஒலிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதற்குள்ளிருந்து சொற்களைப் பொறுக்கினார். தன் மெல்லிய உச்சக் குரலையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு ஆளைக் கூட்டமாக்கினார். அதையும் மாதிரிப் பதிவு என்றுதான் நினைத்திருந்தார்; இப்படியே வெளியிடு என்று தூண்டியவர்கள் நண்பர்கள். எம்மா பாட்டில் ஊதுகுழல் வாசித்ததும் வேறு ஆட்கள்.

பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் குரல் அடுக்கைத்தான், குடிலை அல்ல. 2010இல் ராப் பாடகர் கன்யே வெஸ்ட் தன் அல்பத்துக்கு இவரைக் கூப்பிட்டார். 'ஃபோர் எம்மா' அல்பத்திலுள்ள 'ஸ்கின்னி லவ்' பாட்டை 14 வயதில் பியானோவோடு பாடிப் பெயர் எடுத்தவர் இங்கிலாந்தின் பேர்டி. 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட் நாட்டார் சாயலில் செய்த 'ஃபோக்லோர்' அல்பத்திலும் இவர் குரல் இருக்கிறது.

இதையெல்லாம் அவனிடம் பிறகு சொன்னோம். இப்போது இரண்டு கூட்டாளிமாரோடு சனிக்கிழமை பின்னேரங்களில் வாசிக்கிறான். போனில் பதிந்து எங்களுக்கு அனுப்புகிறான். சுருதி இன்னும் சரியில்லை.