கல்லறை அழிந்த மண்ணில் எங்கே விளக்கேற்றுவது?

கார்த்திகை 27 மாலை. 6.05க்கு மணியோசை, 6.06க்கு அகவணக்கம், 6.07க்கு ஈகைச்சுடர். தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்துச் சனங்கள் பூவும் எண்ணெயும் திரியுமாகக் கூடும் இடம் கஞ்சிகுடிச்சாறு துயிலும் இல்லம். பொதுச்சுடர் ஏறியதும் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கென ஒரு விளக்கை வைக்கத் தேடுவார். அங்கே கல்லறை இல்லை. போருக்குப் பின் வடக்கு, கிழக்கின் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. கோப்பாயில் அதே நிலத்தில் இராணுவத் தலைமையகமே எழுந்தது. ஆகவே குத்துமதிப்பாக ஓர் இடத்தில் விளக்கை வைத்துவிட்டு அழுகிறார்கள்.

“இறந்த உறவுகளை நினைவுகூரலாம், தடைசெய்யப்பட்ட அமைப்பை நினைவுகூர முடியாது” என்பதே அரசின் நிலைப்பாடு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றலாம். ஆனால் தனிக் கல்லறையை அழித்துவிட்டு, தனியாக அழு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொதுவெளிதான் இன்று அந்தத் தாய்க்கு மிஞ்சியிருக்கும் கல்லறை. அங்கே கூடுவதைத் தடுத்தால், தனிப்பட்ட துக்கமும் சேர்ந்தே தடைப்படுகிறது.

2020 நவம்பரில் பல நீதிமன்றங்களில் பொலிஸார் தடையுத்தரவு பெற்றனர். 2023இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் நினைவேந்தலையொட்டிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. 2024இல் புதிய அரசின் கீழ் பல இடங்களில் பெரிய இடையூறு இருக்கவில்லை. ஆனால் அன்றும் சட்டம் மாறியிருக்கவில்லை. ஆட்சியாளரின் மனநிலையைப் பார்த்து அழவேண்டியிருந்தால் அதை உரிமை என்று சொல்ல முடியாது.

நாமும் ஒன்றைப் பேசவேண்டும். இந்தக் கரையோரத்தில் துக்க நாட்கள் பல. 1990 ஓகஸ்ட் 12இல் வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூனில், புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கிழக்கில் கொல்லப்பட்டனர். அவர்களில் பலரின் உயிர் போனது இதே திருக்கோவில் காட்டுப்பகுதியில். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. அவர்களின் விளக்கை நாம் மறுத்தால், நம் விளக்குக்காக வாதாடும் குரல் தளர்ந்துபோகும்.

2004 சுனாமியில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. மார்கழி 26இல் தமிழரும் முஸ்லிம்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நினைவுகூருகிறார்கள். கடல் கொண்டவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை, போர் கொண்டவர்களுக்கு ஏன் இல்லை?

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, உயிரிழந்த அனைவரையும் நினைவுகூர வேண்டும் என்று 2011இலேயே பரிந்துரைத்தது. நாம் அரசிடம் நினைவுத்தூபி கேட்கவில்லை. துயிலும் இல்ல நிலங்களை முழுமையாக மக்களிடம் விடட்டும். அங்கே விளக்கேற்றுவது குற்றமாகாது என்று சட்டத்தில் எழுதட்டும். மிச்சத்தை அந்தத் தாய்மார் பார்த்துக்கொள்வார்கள்.