பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு இந்த நியாயம் செல்லாது. சந்தைக்குப் போகும் குடியானவர் பல்லைப் பார்ப்பார்; குளம்பைப் பார்ப்பார்; சுழியைப் பார்ப்பார்; நாலடி நடக்க விட்டும் பார்ப்பார். அதற்கப்புறந்தான் தரகர் துண்டைப் போட்டுக் கையைப் பிடிக்கலாம். ஆனால் அதே குடியானவருடைய பிள்ளை பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும்போது என்ன செய்கிறான்? வர்ணத்தைப் பார்க்கிறான், சத்தத்தைக் கேட்கிறான், பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறான். மாட்டுக்குக் காட்டிய மதியில் பாதியையாவது வண்டிக்கும் காட்டவேண்டாமா?

பழனி மலைப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களுக்கு இது விளையாட்டு விஷயமல்ல. ஒரு காலத்தில் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரை ஏறியோ, ஆட்கள் சுமக்கும் டோலியில் அமர்ந்தோதான் போனார்கள். மேஜர் லா என்பவருடைய மேற்பார்வையில் 1875-இல் வேலை தொடங்கப்பெற்ற மலைப் பாதையே பிற்காலத்தில் வத்தலக்குண்டிலிருந்து மோட்டார்கள் ஏறும் பாதையாயிற்று. இன்றோ பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பம் கஷ்டப்படும் குடும்பம். பஸ் வருகிற நேரத்துக்காகக் காய்ச்சல் காத்திருப்பதில்லை. பிரசவ வேதனையும் காத்திருப்பதில்லை. புது வண்டிக்குப் பணம் போதாதபோது பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சமவெளியில் வண்டி வாங்குவதில் ஏமாந்தால் பணத்தோடு போயிற்று. மலையில் ஏமாந்தால் போவது பணம் மாத்திரமல்ல.

முதலில் எந்த வண்டி என்று பார்ப்போம். ஓட்டக் கற்றுக்கொண்டு சில மாதங்களே ஆன வாலிபர்களுக்குப் புல்லட்டின்மேல் ஒரு மோகம். 1955 முதல் நம் சென்னையில் உருவாகி வருகிற வண்டி அது. கம்பீரமானது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அதன் எடை ரகத்துக்குத் தக்கபடி சுமார் 160 முதல் 195 கிலோ வரை ஆகும். கொண்டைஊசி வளைவில், எதிரே பஸ் வந்து நின்றுவிட்ட சமயத்தில், சரிவில் ஒரு காலை ஊன்றி அந்தப் பாரத்தைத் தாங்கிப் பார்த்தால் கம்பீரத்தின் விலை தெரியும். 125 கன சென்டிமீட்டர் வண்டியின் எடை ஏறக்குறைய 120 கிலோதான். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிகின்றனவா என்பதே முதற்பரீட்சை. விரல் நுனி மாத்திரம் தொடுமானால் அந்த வண்டி உங்களுக்காகச் செய்யப்பட்டதன்று.

அதற்காக மிகச் சிறிய என்ஜினையும் நாட வேண்டியதில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜின் மூச்சு விடுவதும் காற்றைத்தானே? ஆகையால் அதன் வலிமையும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்துவிடுகிறது. பின்னால் ஒருவரையும் நடுவில் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டால் 100 கன சென்டிமீட்டர் வண்டி ஏற்றத்தில் திணறும். புதிதாக ஓட்டுபவருக்கு 125 முதல் 150 வரையில் உள்ள வண்டியே மத்தியமான வழி.

ஸ்கூட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியைகளும் நர்ஸுகளும் அதன் சௌகரியத்தை உத்தேசித்து அதையே விரும்புகிறார்கள். ஏறுவதற்கு அது போதும், இறங்குவதில்தான் சங்கடம். கியர் உள்ள வண்டியில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டால் என்ஜினே தடையாக நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியரில்லாத ஸ்கூட்டரில் இந்தப் பிடிப்பு சொற்பம். வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானே விடுபட்டு, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. நெடுநேரம் அழுத்திய பிரேக் சூடேறுகிறது. சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கிறது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு இன்றும் உயிரை விடுகிற வாலிபர்கள் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் ஆகையால் அதற்கும் இந்தப் பிடிப்பு அற்பம். ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் என்ஜினுக்கு எண்ணெய் வரத்தும் குறையும். தேர்ந்தவர்களின் ஆசைக்கு அது இருக்கட்டும். பழகுகிறவர்களின் முதல் வண்டியாக வேண்டாம்.

இனி, பார்க்கும் முறை. “நான் வருமுன் வண்டியை ஸ்டார்ட் செய்யவேண்டாம்” என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ அதைத் தாஜா செய்து எழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது சற்று நேரம் வெள்ளைப் புகை வருவது மலைக்குளிரில் சகஜம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது, விடை பெற்றுக்கொள்ளலாம்.

பிறகு பல்லைப் பிடித்துப் பாருங்கள். ஆம், வண்டிக்கும் பல் உண்டு. பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் கூர்மையாகியிருந்தால், ஏற்றத்தில் உழைத்துத் தேய்ந்த வண்டி அது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்திக் கைப்பிடியை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் தடுக்கி நின்றால் உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. எதிரே நின்று முன் ஃபோர்க்குகள் இரண்டும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் வண்டி எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறது. மூடுபனி ஓயாத பிரதேசமாகையால் ஆசனத்துக்குக் கீழும், பாட்டரி வைத்த இடத்திலும், பெட்ரோல் டாங்கியின் உள்ளேயும் துரு இருக்கிறதா என்று கவனிப்பது அவசியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழமாகியிருந்தால் ஈரச்சாலையில் அது துணை செய்யாது.

2019 ஏப்ரல் முதல், 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. அதற்குப் பிற்பட்ட வண்டி கிடைத்தால் நல்லது. சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணையவேண்டும். விளக்கே எரியவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். 2020 ஏப்ரலுக்கு முற்பட்ட வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் உள்ளவை. சமவெளிக்குத் திட்டம் செய்த கார்புரேட்டர் மலை மேல் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரியைக் கக்கும். திண்டுக்கல்லில் வாங்கி மேலே கொண்டுபோகிறவர்கள் மெக்கானிக்கிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். சுற்றுலா வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்ட வண்டியா என்பதையும் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். ஊருக்குப் பொதுவான மாட்டை யார் அக்கறையோடு மேய்ப்பார்கள்?

ஓட்டிப் பார்ப்பதை ஏரியைச் சுற்றியுள்ள சமமான சாலையில் நடத்திவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள்; கிளட்சின் யோக்கியதை அங்கே தெரியும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விடுங்கள். கியர் தானாக நழுவினால் அந்த வண்டி மலைக்கு ஆகாது.

காகித விஷயத்தில் தாட்சண்யம் கூடாது. சட்டத்திலும் என்ஜினிலும் பொறித்த எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். கடன் பாக்கி குறிப்பிடப்பட்டிருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைப் பத்திரம் வேண்டும். 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பமிட்டு, விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றக் கேட்கவேண்டும். விற்பவருக்கும் இதில் லாபம் உண்டு: விபத்து நேர்ந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவாகிப் பதினைந்து வருஷம் முடிந்த வண்டியானால், புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். டயர், சங்கிலி, பிரேக் இம்மூன்றையும் மாற்ற ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். தலைக்கவசம் மாத்திரம் பழையதாக வேண்டாம். அது எத்தனை முறை விழுந்தது என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, என்ஜினை நிறுத்திவிட்டுச் சரிவில் உருண்டு இறங்குகிறவர்கள் நம் மலைகளில் இன்னும் இருக்கிறார்கள். என்ஜினின் பிடிப்பையும் இழந்து, பிரேக்கையும் சூடேற்றி, அவர்கள் சேமிப்பது ஒரு கைப்பிடிச் சில்லறை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நல்ல வண்டியைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. நன்றாக இறங்குவது தினந்தோறும் செய்யவேண்டிய வேலை. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான்.