தானாத் திருந்துமா துப்பாக்கி?

"பறவை தீர்ந்துபோனா நஷ்டம் வேட்டைக்காரனுக்குத்தானே? அவனே அளவோட சுடுவான், சட்டம் எதுக்கு?" இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சொல்ல நல்லாத்தான் இருக்கு. நடந்திருக்கா?

பிரிட்டனைப் பாருங்க மக்களே. அங்கே வேட்டைத் தோட்டாவிலிருந்து சிதறுற ஈயக்குண்டு சேத்துலயும் புல்லுலயும் விழும். இரையை அரைக்கப் பொடிக்கல் பொறுக்குற வாத்து அதையும் சேர்த்து முழுங்கும். உடம்புல ஈயம் ஏறிச் சாகும். குறி தப்பினாலும் பறவை தப்பாது! இப்படி வருஷத்துக்கு 50,000 முதல் 1 லட்சம் நீர்ப்பறவைகள் சாகுதுன்னு ஒரு மதிப்பீடு.

2020 பிப்ரவரியில் அங்குள்ள 9 வேட்டை, கிராமப்புற அமைப்புகள் கூடி, 5 வருஷத்தில் ஈயத்தைத் தாங்களே கைவிடுவதா வாக்குக் கொடுத்தாங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சும்மா இருக்கலை. சீசனுக்குச் சீசன், கறிக்கு விற்ற ஃபெசன்ட் கோழிகளை வாங்கி உள்ளே இருந்த குண்டைச் சோதிச்சாங்க. முதல் சீசனில் 99 சதவீதம் ஈயம். 2024-25 சீசனில்? அதே 99! கடைசியில் 2025 ஜூலையில் அரசே தடையை அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

அப்போ சட்டம் மட்டும் போதுமா? அதுவும் போதாது. நாகாலாந்தைப் பாருங்க. சைபீரியப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறக்குற அமூர் வல்லூறுகள் தோயாங் நீர்த்தேக்கத்தில் தங்கி இளைப்பாறும். 2012-ல் அதுங்களை வலை விரிச்சுப் பிடிச்சாங்க, ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரைன்னு கணக்கு. வன உயிரினச் சட்டம் 1972-லேயே வந்தாச்சு. 40 வருஷமா ஏட்டுலதான் இருந்துச்சு.

2013-ல் பாங்டி, ஆஷா, சுங்ரோ கிராம சபைகள் தடை போட்டன. மீறினா தண்டம். அந்த சீசனிலேயே கொலை நின்னுச்சு. வலை விரிச்சவங்களே பிறகு சங்கம் வெச்சுக் காவல் காத்தாங்க. கைக்கு வந்த வருமானத்தை விட்டுட்டுத்தான் இதைச் செஞ்சாங்க.

"பாத்தியா, தானாத் திருந்திட்டாங்க"ன்னு யாரும் கிளம்பாதீங்க. தனித்தனி ஆளோட மனசாட்சியை நம்பி இது நடக்கலை. ஊரே கண்ணு வெச்சுப் பார்த்துச்சு, மீறினவன் பதில் சொல்லணும்னு ஆச்சு. அதனால நடந்துச்சு.

வேட்டைக்காரரே, உங்க நல்ல மனசு இருக்கட்டும். எத்தனை சுட்டீங்க, எதால சுட்டீங்கன்னு கணக்கைக் காட்டுங்க. மீறினா துப்பாக்கி லைசென்ஸ் போகட்டும். இதுக்கு ஒத்துக்கிறவரை நம்பலாம். மத்ததெல்லாம் வெறும் பேச்சு.