கடலுக்கு முன்பணம்

"ஏம்மா, தெருவைத் தாண்டினா கடல். கடலைப் பார்க்கிறதுக்கா காசு கொடுத்து வேற ஊருக்குப் போறோம்?"

என் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலின் மூடி சரியாகத் திருகிக்கொள்ளவில்லையே என்ற கவலையில் இருந்தேன். லீவுக்கு மூட்டை கட்டிப் பழக்கப்பட்ட சகோதரிகளுக்கு என் நிலைமை புரியும்!

எங்கள் ஜாகை ராயபுரத்தில். கல்மண்டபத்திலிருந்து நடக்கிற தூரந்தான். 2024 டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, எங்கேயாவது போயே தீரவேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். மகள் செல்போனில் தேடிக் கோவளத்தருகே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள். மூன்று இரவுக்கு வாடகை 27,000 ரூபாய், முன்பணம் 5,000. 'கடலைப் பார்த்த வீடு' என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. என் கணவர் தொகையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சம்மதித்தார்.

எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. "பண்டிகையன்று ஊரில் இருக்கமாட்டீர்களே!" என்று எதிர்வீட்டு அம்மாள் முதல் நாளே ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் மடியில் வைத்துக்கொண்டு 24-ஆம் தேதி காலையில் காரில் கிளம்பினோம்.

துறைமுகத்து மதிலை ஒட்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து கோட்டையைக் கடந்தோம். மெரினா வந்ததும் என் பையன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"இங்கே மட்டும் எப்படிம்மா இவ்வளவு மணல்? நம்ம பக்கம் வெறும் கல்லாத்தானே கொட்டிக் கிடக்கு?"

நல்ல கேள்வி! உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் கேட்கலாம். ஆகையால் நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய கரையில் அலைகள் மணலைச் சும்மா விடுவதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லால் கைகள் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தக் கைகள் தடுத்து நிறுத்திவிட்டன. தெற்கே தேங்கிய மணல்தான் இன்று நாம் சுண்டல் தின்றுகொண்டே உலாவும் மெரினா. அதற்குமுன் கோட்டைக்கு வெகு அருகே அலையடித்ததாம்!

வடக்கே இருக்கும் எங்களுக்கோ வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை மட்டும் எடுத்துப்போவதை நிறுத்தவில்லை. வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கும் குடித்தனம் என்ன ஆகும்? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையெல்லாம் அப்படித்தான் ஆயிற்று. குப்பத்து வீடுகள் போயின. எண்ணூர் நெடுஞ்சாலையையே கடல் அரித்தது. கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மீதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

"அப்போ, நம்ம மணல்தான் இங்கே இருக்குதா?" என்றான் பையன். பின்ஸீட்டிலிருந்த என் மாமியார் சிரித்துவிட்டார்.

உத்தண்டியில் சுங்கம் கட்டி, முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டி, வீடு போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்த வீடுதான், பொய்யில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் தெரிகிறது! குழாயில் உப்புத் தண்ணீர். அடுப்புப் பற்றவைத்து அரைமணி ஆவதற்குள் காஸ் சிலிண்டர் காலி. காவல்காரர் வேறு சிலிண்டருடன் வந்தபோது இரவு ஒன்பது மணி. அதுவரை எங்களைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அம்மாளின் கேக்குதான்.

இப்படி வீடு எடுக்கப்போகும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. முன்பணம் அனுப்புமுன் நான்கு விஷயங்களை வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்: குடிதண்ணீர் உண்டா? சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா? கடலுக்கு நடை எத்தனை நிமிஷம்? முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள்?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் உள்ளே திரும்பிப்போகும் வழி அது. யாராவது சிக்கிக்கொண்டால் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலகியபிறகுதான் கரைக்குத் திரும்பவேண்டும்.

கிறிஸ்துமஸ் தினத்தன்று கோவளம் கரையில் சாயங்காலம் வெகு நேரம் இருந்தோம். 2021-இல் இந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' கிடைத்தது. தண்ணீரின் சுத்தம், பத்திரம், கழிப்பிட வசதி எல்லாவற்றையும் பார்த்து, டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சர்வதேச நிறுவனம் கொடுக்கும் கௌரவம் அது. குழந்தைகள் மணலில் கோட்டை கட்டினார்கள். என் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர் எண்ணூரில் பிறந்தவர். "எங்க ஊருக்கும் ஒரு காலத்திலே இப்படித்தான் ஜனங்க வருவாங்களாம்" என்றார். வாஸ்தவந்தான். ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துரைமார்கள் ஓய்வுக்கும் படகு விடுவதற்கும் எண்ணூரைத்தான் நாடினார்கள். 1806-இலேயே சென்னைக்கும் எண்ணூருக்கும் கால்வாய் வந்துவிட்டது. பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றதன் முதல் துண்டு அதுதான். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அந்தக் கால்வாயில் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம் என் மாமியார்.

அப்புறம் எங்கள் பக்கம் ஆலைகள் வந்தன. எண்ணூரில் லாரியும் பஸ்ஸும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. 2017-இல் அதை மூடினார்கள். அந்த ஆலைகளின் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்கள் வயிறார உண்டன, பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் கணக்கையும் மறக்கக் கூடாதல்லவா?

மறுநாள் 26-ஆம் தேதி. 2004-இல் சுனாமி வந்து அன்றோடு இருபது வருஷம். காலையில் குப்பத்துப் பெண்கள் பால் செம்பும் பூவுமாகக் கரைக்கு வந்தார்கள். என் மாமியாரும் அவர்களுடன் போய் நின்று, ஒரு கை பூ வாங்கிக் கடலில் விட்டார். திரும்பி வந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"போன வருஷம் இதே தேதி ராத்திரி, என் தம்பி வீட்டிலே எல்லாரும் முகத்திலே ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு ஓடினாங்க. அன்னிக்கு வந்தது அலை இல்லே, காத்து."

நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே மாதத் துவக்கத்தில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர்க் கழிமுகமெல்லாம் படகும் வலையும் கருப்பாகிப் போயிருந்தன.

ஊரெல்லாம் லீவுக்குக் கடலைத் தேடிப் போகும் அதே வாரத்தில், கடலோரத்து ஜனங்கள் கடலைவிட்டு ஓடினார்கள்! இரண்டும் ஒரே வங்காள விரிகுடாதான். நடுவே ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான்.

27-ஆம் தேதி காலை வீட்டைக் காலிசெய்யும்போது காவல்காரர் வந்து நின்றார். குப்பை கிடந்தாலோ, சுவரில் கறை பட்டாலோ முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். அவ்வளவுதான்! மகள் துடைப்பத்தை எடுத்தாள். பையன் கட்டிலுக்கடியில் புகுந்து பிஸ்கட் காகிதத்தைப் பொறுக்கினான். வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தி வைக்காத என் கணவர்கூடச் சமையல் மேடையைத் துடைத்தார். 5,000 ரூபாயும் குறையாமல் திரும்பி வந்தது.

காரில் ஏறியதும் என் மாமியார், "ராயபுரத்திலே நிறுத்தாதே, நேரா எண்ணூருக்கு விடு" என்றார். மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

முகத்துவாரத்தில் இறங்கினோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். அக்கரையில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சிலர். சாம்பல் படிந்து ஆறு ஆழம் குறைந்துவிட்டது என்பது இங்குள்ளவர்களின் நெடுநாளைய குறை. ஆனாலும் வெயில் சாய்ந்த நேரத்தில், ஆறும் கடலும் கைகோத்துக்கொள்ளும் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தது, தெரியுமா? மகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். "ஏம்மா, இதையெல்லாம் நீங்க எங்களுக்குக் காட்டவே இல்லையே?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் நானே இங்கு இரண்டாவது முறையாகத்தான் நிற்கிறேன்!

என் மாமியார் குனிந்து கொஞ்சம் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"மூணு நாள் குடியிருந்த வீட்டை அப்படிக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தோமே, எதுக்கு? முன்பணம் வாங்கி வெச்சிருந்தான். எங்க ஆத்தையும் கடலையும் எத்தனையோ பேர் எடுத்து ஆண்டாங்க. அவங்ககிட்டே ஒருத்தராவது முன்பணம் வாங்கி வெச்சிருந்தா தேவலை."

சகோதரிகளே, அந்தக் கிழவிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை ஊறுகாய் பாட்டிலைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை; அது கோவளத்திலேயே காலியாகிவிட்டது. ஒன்று மட்டும் நிச்சயம் செய்துகொண்டேன். அடுத்த லீவில் எங்கே போனாலும், முதல் நாள் பிரயாணம் எண்ணூருக்குத்தான். சொந்த வீட்டைப் பார்க்காத பிள்ளைகள் அதை எப்படிக் கேட்டு வாங்குவார்கள்?