கட்டும் கையும் முழம் போடும் கையும்

பூக்கட்டும் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. உதிரி மல்லியை நூலில் தொடுத்துக் கொடுக்கிறவருக்குக் கூலி. அதையே முழம் போட்டு விற்கிறவருக்கு விலை. முகூர்த்த நாளில் பூவின் விலை மடங்கு மடங்காக ஏறும். கட்டுகூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. விரலின் லாவகமும் முடிச்சின் நேர்த்தியும் கட்டுகிறவருடையவை. முழம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று சொல்கிறவர் மட்டும் வேறொருவர். வீட்டிலிருந்தபடியே உபரி வருமானம் என்று எந்தத் தொழில் வாசலுக்கு வந்தாலும், அது அப்பளமானாலும் பீடியானாலும் பனியன் பிசிறு வெட்டுவதானாலும், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: முழம் போடப்போவது யார்? கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை போன்ற தமிழ் பேசும் எல்லையோர ஊர்களுக்கும் மூணாறு மலைக்கும் ஏற்ற கைத்தொழில்களில் ஒன்றாகத் தூண்டில் ஈ கட்டுவதைச் சொல்லலாம். ஆனால் கூலிக்குக் கட்டுவதென்றால் அதைத் தொடங்காமலிருப்பதே மேல். விலைக்குக் கட்டுவதென்றால் மட்டுமே அது தொழில்.

தூண்டில் ஈ என்பது பூச்சியைப் போலத் தோன்றும்படி முள்ளில் நூலும் இறகும் ரோமமும் சுற்றிக் கட்டிய பொய் இரை. முள்ளைச் சிறிய வைஸ் ஒன்றில் கவ்வ வைத்து, பாபினிலிருந்து இறங்கும் நூலை அதன் தண்டில் நெருக்கமாகச் சுற்றுவார்கள். சேவலின் கழுத்து இறகை அதன்மேல் வளைத்துக் கட்டினால் இறகின் இழைகள் பூச்சியின் கால்களாக விரியும். மயில்பீலியின் ஓரிழை, பச்சை மினுங்கும் உடலாகும். கடைசியில் தலைப்பக்கம் முடிச்சிட்டு ஒரு சொட்டு வார்னிஷ். உலகச் சந்தைக்குப் போகும் ஈக்களை இன்றும் கைதான் கட்டுகிறது. இந்த வேலையை முழுதாகச் செய்யும் இயந்திரம் புழக்கத்துக்கு வரவில்லை. அமெரிக்கக் கடைகளில் சாதாரண ஈ ஒன்று இரண்டு முதல் நான்கு டாலர் வரை விற்கிறது. மீன் கடித்து அறுத்துக்கொண்டு போகும், மரக்கிளையில் சிக்கும், பாறையில் முனை மழுங்கும்; ஆகவே வாங்கியவர் மறுபடி வாங்க வந்தே தீருவார். இடமும் முதலீடும் அதிகம் கேட்காத, பொழுது கிடைத்தபோது உட்கார்ந்து செய்யக்கூடிய, திரும்பத் திரும்ப விலைபோகும் பண்டம் இது.

இந்த நிலப்பகுதிக்கு அப்படியொரு தொழிலின் தேவை உண்டு. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி கேரளத்தின் பசுமைப் படத்துக்குள் அடங்காத மழைமறைவுப் பகுதி; பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதைப் பொறுத்தே அங்கே வயல் வேலை. மலைமேல் நிலைமை வேறு, சிக்கல் அதேதான். 2015 செப்டம்பரில் மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தபோது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், 301-இல் பேச்சுவார்த்தை முடிந்தது. தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்கள் தேயிலையின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் இடத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. அதே மலையோடைகளில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் டிரௌட் மீனை விட்டு வளர்த்து, ஈ கட்டிய தூண்டிலால் பிடித்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இலேயே டிரௌட் குஞ்சுப் பண்ணை அமைந்தது. நூறாண்டுக்கும் மேலாக ஈ பறந்த மலைகள்தான். அதைக் கட்டி விற்கும் தொழில் மட்டும் இங்கே வேர்விடவில்லை.

வேறு நாடுகளில் வேர்விட்டது. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் வரிசையாக மேசை போட்டு, பெரும்பாலும் பெண்கள், வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஈ கட்டுகிறார்கள். அளவு, நிறம், பெயர், விலை எல்லாம் வாங்குகிறவர் சொல்வது. இந்தச் சங்கிலியில் இந்தியாவின் இடம் இன்னும் கீழே. மேல்நாட்டுக் கடைகளில் ‘இந்தியக் கழுத்து’ என்ற பெயரிலேயே நம் சேவல்களின் இறகுத்தோல் மலிவு விலைக்கு விற்கிறது. பருத்தியை அனுப்பிவிட்டுத் துணியை வாங்கிய பழைய கதைதான். கூலிக்கும் விலைக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழகிய கை மணிக்குப் பத்து ஈ கட்டும், நான்கு மணி நேரத்தில் நாற்பது. டஜனுக்கு அறுபது ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 200. அதே நாற்பதையும் முள், நூல், இறகுக்கு ஈ ஒன்றுக்கு இருபது ரூபாய் போட்டுக் கட்டி, அறுபது ரூபாய்க்குக் கடைக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 1,600. பாதி விற்காமல் தேங்கினாலும், நாற்பதுக்கும் போட்ட செலவு போக 400 நிற்கும். உழைப்பு ஒன்றுதான்; முழம் போட்ட கை மாறியதால் வந்த வேறுபாடு இது.

இதை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாதபடி கேரளத்திலேயே சான்று இருக்கிறது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்து, கேரளம் அதை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, தனியார் பீடி முதலாளிகள் கடையைக் கட்டினார்கள். வடகேரளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அவர்கள் 1969-இல் கண்ணூரில் அமைத்த கூட்டுறவே தினேஷ் பீடி. சுற்றிய கையே பெயரும் வைத்தது, விலையும் வைத்தது. உச்சத்தில் ஏறத்தாழ 42,000 பேருக்கு அது வேலை கொடுத்தது. புகைப்பழக்கம் குறையத் தொடங்கியதும் அதே கூட்டுறவு தள்ளாடி, உணவுப் பொருள், குடை, ஆடை என்று வேறு வழி தேடியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். விலை கையில் இருந்தால் தொழிலாளி நிமிரலாம். ஒரே பண்டத்தை மட்டும் நம்பினால் சந்தை சாயும்போது கூடச் சாய வேண்டிவரும். ஆகவே ஈ கட்டுவதே முழுநேரப் பிழைப்பாகும் என்று ஆசைகாட்டுபவர்களை நம்ப வேண்டாம். மற்ற வருமானத்தோடு சேர்ந்து நிற்கும் உபரியாக இருப்பதே அதற்குப் பலம்.

“கொழிஞ்சாம்பாறையில் யார் டிரௌட் பிடிக்கிறார்கள்? சந்தை எங்கே?” என்பது நியாயமான கேள்வி. டிரௌட் காஷ்மீரின் லிட்டரிலும் இமாச்சலத்தின் தீர்த்தனிலும் இருக்கிறது; அங்கே போகும் இந்தியத் தூண்டில்காரர்கள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கையே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதைவிட அருகில் ஒரு சந்தை உண்டு. குளத்திலும் வயல்வாய்க்காலிலும் வராலைப் பிடிக்கக் கேரள இளைஞர்கள் தவளை வடிவப் பொய்யிரைகளை வாங்கிக் குவிக்கிறார்கள். ரோமமும் இறகும் கொண்டு தவளை கட்டத் தெரிந்தால் வாடிக்கையாளர் பக்கத்துப் பஞ்சாயத்திலேயே இருக்கிறார். ஏற்றுமதி இரண்டாம் படி. அதற்கு ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் வேண்டும். 2022 முதல் தபால் துறை தொடங்கிய ஏற்றுமதி மையங்கள் சிறு பொட்டலங்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அமெரிக்காவை மட்டும் நம்பி இறங்கினால் ஆபத்து. 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. தூண்டில் சாதனங்களுக்கு அங்கே 10 விழுக்காடு தனி வரியும் உண்டு. பறவைக் காய்ச்சல் பயத்தால் இறகு என்றாலே சான்றிதழ் கேட்கும் நாடுகளும் உண்டு. உள்ளூரில் காலூன்றிய பிறகு கடல் தாண்டுவதே புத்தி.

காட்டுக்கு ஆபத்து வராதா என்பது இன்னும் கனமான மறுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்தில் அரக்குப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் இறகுகள் உண்டு. விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்காகக் கட்டிய ஈக்களுக்கு அந்த இறகு இல்லாமல் ஆகாது. அதற்காக நம் காட்டுப் பறவைகள் தோலாகக் கப்பலேறின. அந்தப் பித்து இன்னும் அடங்கவில்லை. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் களவுபோனதற்குக் காரணமே சால்மன் ஈ கட்டுகிறவர்களின் இறகு ஆசைதான். ஆகவே இங்கே கோடு தெளிவாக இருக்க வேண்டும். காட்டுக்கோழி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அதன் ஒற்றை இறகையும் தொடக் கூடாது. மயில், பாலக்காட்டில் சூலனூர் சரணாலயத்தோடு நிற்பதில்லை, தென்னந்தோப்புகளிலும் உலவுகிறது. அது தானாக உதிர்த்த பீலியை நாட்டுக்குள் விற்கச் சட்டம் இடம் தருகிறது, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை; ஏற்றுமதி ஈயில் பீலி கூடாது. இழப்பு ஒன்றுமில்லை. மாசிடோனிய ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவலின் தாடியடியில் வளரும் இரண்டு இறகும் கட்டி மீன் பிடித்ததை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்ற ரோமானியர் எழுதிவைத்தார். அன்றும் போதுமாயிருந்தது வீட்டுச் சேவல்தான். இறைச்சிக்கு அறுக்கும் நாட்டுச்சேவலின் கழுத்து இறகு இன்று குப்பைக்குப் போகிறது. கழுவி உலர்த்தி நிறம் பிரித்தால் அது சரக்கு.

“மாதம் நாலு காசு கூடுதலாக வந்தால் சரி, இதற்குக் கூட்டுறவும் சட்டமும் எதற்கு?” என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். உபரி என்ற சொல்லே இங்கே வலை. உபரி வருமானம்தானே என்று சொல்லித்தான் பெண்களின் வீட்டுழைப்புக்குக் குறைந்த கூலி நியாயமாக்கப்படுகிறது. கூட்டாகச் சேர்வதும் கடினமல்ல: 1998-இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்கள் ஊர்தோறும் உள்ளன. கணக்கு எழுதவும் கடன் வாங்கவும் அவற்றுக்குத் தெரியும். பத்துப் பெண்கள் சேர்ந்து முள்ளை மொத்தமாக வாங்கி, தங்கள் ஊர்ப் பெயரை அட்டையில் அச்சிட்டு விற்கப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி தமிழில் நடக்க வேண்டும்; அரசோடு தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையைக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது, கேட்டுப் பெறலாம். முதல் நாள் பாடத்தில் முடிச்சு போடக் கற்றுக்கொடுக்கும்போதே, முள்ளின் விலை, நூலின் விலை, தன் ஒரு மணி நேரத்தின் விலை மூன்றையும் கூட்டி அட்டையில் எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த மூன்றாவது எண்ணை எழுதத் தயங்குகிற வரை, கட்டுவது ஈயானாலும் மல்லியானாலும் முழம் போடுகிறவர் வேறொருவராகத்தான் இருப்பார்.