அகஸ்டா சாவேஜ் வீணாகிவிட்டாரா?

அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கடைசியில் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே தன் கலையைக் கோட்டைவிட்டாராம். ஆயுள் முழுக்க சாக்பீஸ் பிடித்தவனுக்கு இந்தப் பேச்சு சுருக்கென்று தைக்கிறது.

அவர் 1892-ல் புளோரிடாவில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் ஏழாவது. ஊரில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. வாத்தும் கோழியுமாகப் பிடித்துவைப்பார். அப்பா மெதடிஸ்ட் போதகர். உருவம் செய்வது பாவம் என்று அடி பின்னிவிடுவார். பெண் விடவில்லை. 1921-ல் நியூயார்க் வந்து கட்டணமில்லாத கூப்பர் யூனியன் கல்லூரியில் சேர்ந்து, நான்கு வருடப் படிப்பை மூன்றே வருடத்தில் முடித்தார்.

1923-ல் பிரான்சில் ஒரு கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் தேர்வுக்குழு கதவைச் சாத்தியது. கூடப் பயணம் செய்யும் வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமாம்! அழுதுவிட்டு உட்காராமல் பத்திரிகைகளில் பகிரங்கமாக எழுதினார். பாரிஸ் போக உதவித்தொகை கிடைத்தது 1929-ல்தான்.

திரும்பி வந்தபோது நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. சிலை வாங்க யாரிடம் காசு? 1932-ல் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் கலைக்கூடம் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். 1937-ல் அரசு உதவியோடு தொடங்கிய ஹார்லெம் சமூகக் கலை மையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார்.

அங்கே வளர்ந்தவர்களில் ஜேக்கப் லாரன்ஸ் என்ற பையனின் விஷயம் ஒன்று போதும். கலைஞர்களுக்குச் சம்பளம் தரும் அரசுத் திட்டத்தில் சேர்க்க அவனைக் கூட்டிப்போனார். 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் மறந்தேபோனான்; அவர் மறக்கவில்லை. அடுத்த வருடம் 21 ஆனதும் மறுபடி கூட்டிப்போய்ப் பெயரைப் பதிந்தார். வாரச் சம்பளம் வந்தது, படம் வரைய நேரமும் கிடைத்தது. அந்த லாரன்ஸ்தான் தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பர்களின் கதையை 1941-ல் 60 படங்களாக முடித்தவர். பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று மெச்சுவது சுலபம். தேதியை நினைவில் வைத்துக் கையைப் பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போக எத்தனை பேர் இருக்கிறோம்?

சாவேஜுக்கு இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். 1939 உலகக் கண்காட்சிக்காக 16 அடி உயரத்தில் 'யாழ்' என்ற சிற்பம் செய்தார். பாடும் பிள்ளைகளே அதன் நரம்புகள். பிளாஸ்டரில் செய்தது. வெண்கலத்தில் வார்க்கவோ, எடுத்து வைக்கவோ பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளினார்கள். அதற்காக விடுப்பில் போனவர் திரும்பியபோது இயக்குநர் நாற்காலியில் வேறொருவர். பிறகு கிராமத்துக்குப் போனார், 1962-ல் காலமானார்.

இதில் வகுப்பறையின் குற்றம் எங்கே இருக்கிறது? காசை முடக்கியவர்களை விட்டுவிட்டுக் கற்பித்ததைக் குறை சொல்வது என்ன நியாயம்?

கண்காட்சியில் நினைவுப்பொருளாக விற்ற 'யாழ்' சிற்பத்தின் சின்ன உலோகப் பிரதிகள் சில இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்து யாராவது 16 அடியில் வெண்கலத்தில் வார்த்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். பீடத்தில் அவர் பெயருக்குக் கீழே மாணவர்கள் பெயரையும் பொறிக்கவேண்டும். இடம் போதாவிட்டால் பீடத்தைப் பெரிதாக்கட்டும்.